பித்தக்குழாயில் ஒரு நிழல்

அந்த மருத்துவமனையில் ஓர் அக்காவும் தம்பியும் டாக்டர்கள். அக்கா ஸ்கேன் படங்களைப் பார்த்து உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்பவர். தம்பி கல்லீரல், பித்தப்பைப் பக்கம் அறுவை சிகிச்சை செய்பவர். வாசல் காவலாளி முதல் தலைமை நர்ஸ் வரை எல்லோருக்கும் அவர்கள் அக்கா டாக்டர், தம்பி டாக்டர்தான்.

தம்பிக்குக் கைவேகம். நோயாளியைப் பார்த்த அன்றே முடிவெடுப்பார், எடுத்த முடிவை மாற்றமாட்டார், பெரும்பாலும் மாற்ற வேண்டியும் வராது. அக்கா நிதானம். சின்ன வயதில் தம்பி சாப்பிட்டுக் கை கழுவி விளையாடிவிட்டுத் திரும்பி வரும்போதும் அக்கா தட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள் என்று அவர்கள் அம்மா இன்றைக்கும் சொல்வார். நிதானத்துக்கு மருத்துவமனையில் அவ்வளவு நல்ல பெயர் கிடைப்பதில்லை. 'இன்னொரு தடவை எடுங்க' என்பது அக்கா டாக்டர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். ஸ்கேன் அறையில் தொலைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன்பே "இன்னொரு தடவையம்மா கூப்பிடுறாங்க" என்று ஊழியர்கள் சிரித்துக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விழாதது போல் இருந்துவிடுவார்.

ஒருநாள் காலையில் தம்பி அக்காவின் அறைக்குள் வந்தார். கையில் ஒரு குறுந்தகடு.

"மேடம், ஒரு நிமிஷம்."

"இங்க வேற யாரும் இல்லடா. என்ன மேடம்?"

"பழக்கதோஷம்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒரு அம்மா, பஸ் டிரைவர். பித்தப்பையில கல்லுன்னு பல வருஷத்துக்கு முன்னாடியே அதை எடுத்தாச்சு. இப்ப விலாவுக்குக் கீழ வலி, கண்ணு மஞ்சளா இருக்கு. வெளிய ஒரு சென்டர்ல எம்.ஆர்.ஐ. எடுத்திருக்காங்க. பித்தக்குழாய் கல்லீரல் வாசல்லயே சுருங்கிக் கிடக்கு. கட்டிதான். அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி போட்டுட்டேன். நீ ஒரு பார்வை பாத்து சரின்னுட்டா டாக்டருங்க மீட்டிங்ல பேச்சு சுருக்கமா முடியும்."

அக்கா படத்தைத் திரையில் திறந்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு மரம். கல்லீரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்கள் கிளைகள். அவை சேர்ந்து இறங்கும் பெரிய குழாய் தண்டு. பித்தநீர் இருக்கும் இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். கிளைகள் தண்டோடு சேரும் இடத்தில், யாரோ கத்தரிக்கோலால் ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரி வெள்ளை காணாமல் போயிருந்தது. ரிப்போர்ட் எழுதியவர் அதைச் சுருக்கம் என்று எழுதி, புற்றுநோயாக இருக்கலாம் என்று சேர்த்திருந்தார்.

யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். அக்காவுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் 'சரி' என்று சொல்லவில்லை. படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். தம்பி நாற்காலியில் நெளிந்தார்.

"என்ன?"

"மேல இருக்கற கிளையெல்லாம் பாரு. நடுவுல அடைப்புன்னா, மேல பித்தம் தேங்கி வீங்கியிருக்கணும், கீழ ஒடுங்கியிருக்கணும். இங்க மேலயும் கீழயும் ஒரே மாதிரி லேசாப் பருத்திருக்கு."

"ஆரம்பக் கட்டமா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"இருக்கலாம்ங்கற வார்த்தைய நம்பி பாதிக் கல்லீரல வெட்டி எடுக்கப்போறியா? மெல்லிசா எடுத்த படமெல்லாம் எங்க? இதுல பொம்மை மட்டும்தான் இருக்கு."

அவர் பொம்மை என்றது அந்த வெள்ளை மரத்தை. இயந்திரம் முதலில் உடம்பை மெல்லிய தாள் தாளாகத்தான் படம் பிடிக்கும். பிறகு கம்ப்யூட்டர் அவற்றை அடுக்கி, இருப்பதிலேயே வெளிச்சமான புள்ளிகளை மட்டும் பொறுக்கி ஒரே மரமாகக் காட்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடுக்கும்போது மங்கலான வெள்ளை தொலைந்து போகும், லேசாகக் குறுகிய இடம் அறுந்ததாகத் தெரியும். சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் சின்னக் கல் அதில் மூழ்கி மறைந்துவிடும். அழகான மரத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்வது, கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுக் குடும்பம் எப்படி என்று சொல்வது போல என்று அக்கா தன்னிடம் படிக்க வரும் டாக்டர்களிடம் சொல்வதுண்டு.

ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து கேட்டார்கள். மதியத்துக்குள் மெல்லிய படங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றும் உருப்படியாக இல்லை. படம் எடுக்கும்போது நோயாளி மூச்சு விட்டிருக்கிறார். குழாய் ஒரு படத்தில் ஓர் இடத்திலும் அடுத்த படத்தில் வேறு இடத்திலும் இருந்தது. குழாயின் கீழ்முனையோ கண்ணிலேயே படவில்லை. வயிற்றில் இருந்த நீர் வெள்ளை மேகம் மாதிரி அதன்மேல் படர்ந்து மூடியிருந்தது.

அக்கா எழுந்து வார்டுக்குப் போனார்.

டிரைவரம்மா ஜன்னல் ஓரக் கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, அகன்ற தோள், கையில் பிடிக்க ஸ்டியரிங் இல்லாததால் போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளித்திருந்தது. பக்கத்தில் கணவர். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். பேச்சை நிறுத்தினால் கத்தரிக்கோலும் நின்றுவிடும் என்று அவருடைய வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்களாம். கட்டி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த மனிதர் வாய் திறக்கவே இல்லை என்று நர்ஸ் சொன்னாள்.

"நான் ஸ்கேன் டாக்டர். படத்தப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."

"படத்துல என்ன இருக்குன்னுதான் சொல்லிட்டாங்களே," என்றார் டிரைவரம்மா.

"படம் எடுக்கும்போது என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

டிரைவரம்மா கணவரைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். "மூச்சப் பிடிங்கன்னாங்க. பிடிச்சேன். ஆனா நான் இத்தனை வருஷமா பஸ்ல முன்னால ஆளுயரக் கண்ணாடிய வச்சுக்கிட்டு உக்காந்தவ டாக்டர். மூக்குக்கு மேல கூரை வந்து நின்னா எப்படி இருக்கும்? பாதியிலயே விட்டுட்டேன். பிடிச்சீங்களான்னு கேட்டாங்க. பிடிச்சேன்னு சொல்லிட்டேன். மறுபடி உள்ள போகச் சொல்லிடுவாங்களோன்னு பயம்."

"வெறும் வயித்தோடதானே போனீங்க?"

டிரைவரம்மா போர்வையை நீவினார். கணவர்தான் தொண்டையைச் செருமினார்.

"டீ, டாக்டர். நான்தான் வாங்கிக் குடுத்தேன். வாயெல்லாம் காஞ்சுபோச்சுன்னா. ஒரு டீ என்ன பண்ணிடும்னு..." அவர் முகம் கோணியது. "அதனாலதான் கட்டி மாதிரி தெரிஞ்சுதா? அப்ப கட்டி இல்லையா?"

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட அவருக்கு ஆசைதான். ஆனால் நாளைக்கு அதையே திரும்ப வாங்க வேண்டி வந்தால் என்ன செய்வது?

"அப்படி நான் சொல்லல. படம் கலங்கியிருக்கு. கலங்கின தண்ணியில மீன் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லத்தான் வந்தேன். இன்னொரு தடவை எடுக்கணும்."

"மறுபடியும் அதுக்குள்ளயா?" டிரைவரம்மா போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"மூச்சப் பிடிக்க வேண்டாத மாதிரி எடுக்கறேன். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன். பிடிச்சேன்னு மட்டும் பொய் சொல்லாதீங்க. பித்தப்பை எடுத்தப்ப உள்ள கிளிப் ஏதாவது போட்டாங்களா?"

"போட்டாங்க," என்றார் கணவர். "முடிக்குப் போடற கிளிப்பான்னு கூடக் கேட்டேன்."

டிரைவரம்மாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் அப்போதுதான் ஓர் ஆபரேஷனை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை மூடாமலேயே திரும்பினார்.

"தியேட்டர் ஏற்பாடு பண்ணியாச்சு. ரத்தம் சொல்லி வச்சாச்சு. மயக்க மருந்து டாக்டர்கிட்ட பேசியாச்சு. இப்ப வந்து இன்னொரு தடவைங்கற. நீ சந்தேகப்பட்டுக்கிட்டே நாளக் கடத்தி, கடைசியில அது கட்டியாவே இருந்தா? அந்த மாதிரிக் கட்டி காத்துக்கிட்டு நிக்காது."

அக்கா குழாயை மூடினார். அதே பயம்தான் அவருக்கும் காலையிலிருந்து இருந்தது.

"நாளக் கடத்தல. நாளைக்குக் காலையில எடுத்துடறேன், மத்தியானம் சொல்லிடறேன். உன் தேதி அப்படியே இருக்கட்டும்."

"மேடம் இஷ்டம்," என்று சொல்லிவிட்டுத் தம்பி போய்விட்டார்.

மறுநாள் காலை ஸ்கேன் அறையில் டிரைவரம்மாவுக்கு ஒரு தம்ளர் அன்னாசிப்பழச் சாறு கொடுத்தார்கள்.

"நேத்து ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, இன்னிக்கு ஜூஸ் குடுக்கறீங்க?" என்றார் அவர்.

டெக்னீஷியன் பருத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர். "இது வயித்துல இருக்கற தண்ணிய படத்துல கறுப்பாக் காட்டும்மா. வெள்ளை மேகம் மறைக்காது. குழாயோட அடி வரைக்கும் தெரியும்," என்றார். வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினார். மூச்சு ஏறி இறங்குவதை அது கவனித்துக்கொள்ளும், மூச்சு முழுக்க வெளியே போய் வயிறு அமைதியாக இருக்கும் நேரத்தில் மட்டும் இயந்திரம் படம் எடுக்கும். கண்ணுக்கு மேல் ஒரு மடித்த துணி வைத்தார். காதில் ஹெட்போன். கையில் அழுத்தினால் மணி அடிக்கும் ரப்பர்ப் பந்து.

கணவரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவின் அருகில் உட்காரவைத்தார்கள். படுக்கை மெதுவாக உள்ளே போனதும் மணி அடித்தது. வெளியே இழுத்தார்கள். மறுபடி உள்ளே. மறுபடி மணி.

"நீங்க அவங்ககிட்ட பேசுங்க," என்று அக்கா மைக்கைக் கணவர் பக்கம் திருப்பினார்.

"என்ன பேசறது?"

"கடையில என்ன பேசுவீங்க?"

அவர் மைக்குக்குப் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பிறகு, "ஏய், கேக்குதா?" என்று ஆரம்பித்தார். "அந்த மூணாவது வீட்டு வாத்தியார் வந்தார். தலையில நாலு முடி. எந்த ஸ்டைல்ல வெட்டட்டும்னு கேட்டேன்..."

அவ்வளவுதான். நாள்கணக்காக அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டது. வாத்தியார் போய் மளிகைக்காரர் வந்தார், மளிகைக்காரரின் பொய்முடி வந்தது, அந்தப் பொய்முடியைப் பூனை தூக்கிக்கொண்டு போனது. மணி அடிக்கவே இல்லை. இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் மட்டும் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. அம்மா உள்ள சிரிக்கறாங்க. படம் ஆடுது."

"பூனைக் கதைய அப்புறம் வச்சுக்குங்க," என்றார் அக்கா. "சோகமா ஏதாவது இருக்கா?"

"என்னோட சமையல் பத்திச் சொல்லவா?" என்றார் அவர். ஸ்பீக்கரில் டிரைவரம்மாவின் பெருமூச்சு கேட்டது. படம் நிதானமானது.

அக்கா திரையை நெருங்கி உட்கார்ந்தார். மெல்லிய படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கிளைகள் சேரும் இடம் வந்தது. வெள்ளைக் கோடு மெலிந்தது, ஆனால் அறுபடவில்லை. நூல்போல் தொடர்ந்து போய் மறுபடி அகன்றது. கோடு மெலிந்த இடத்திலேயே அதன் குறுக்கே ஒரு கறுப்பு வட்டம். கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய். அது ஒவ்வொரு துடிப்புக்கும் பித்தக்குழாயை லேசாக இடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு கறுப்புத் திட்டு. அது பழைய ஆபரேஷனில் போட்ட கிளிப். உலோகம் தன்னைவிடப் பெரிய நிழலைப் போடும். உலோகம் அவ்வளவாகக் கெடுக்காத இன்னொரு முறையில் எடுக்கச் சொன்னார். திட்டு சுருங்கியது. ஊசி மருந்து செலுத்தியும் எடுத்தார்கள். குழாயின் சுவர் எங்கேயும் தடித்திருக்கவில்லை, கட்டி என்று சொல்லும்படி எந்தச் சதையும் ஒளிரவில்லை.

ரத்தக்குழாயின் இடி ஒன்று, கிளிப்பின் நிழல் ஒன்று, இரண்டும் ஒரே இடத்தில். கலங்கிய படத்தில் இவை சேர்ந்துதான் கட்டி ஆகியிருக்கின்றன.

பக்கத்தில் இருந்த கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை. ஏனென்றால் வேலை இன்னும் முடியவில்லை. நிழல் நோய் தராது. அப்படியானால் கண் ஏன் மஞ்சள்? வலி எங்கிருந்து வந்தது? ஒரு கேள்விக்கு விடை கிடைத்த சந்தோஷத்தில் இன்னொரு கேள்வியை விட்டுவிட்டு எழுந்துபோவது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியும்.

குழாயின் கீழ்முனைக்கு வந்தார். இப்போது மேகம் இல்லை. நுனியில் கறுப்பாக, கிண்ணம் மாதிரி வளைந்து ஓர் அடைப்பு.

"கல்லு!" என்றார் டெக்னீஷியன்.

"அவசரப்படாதீங்க. குழாய் குடலுக்குள்ள திறக்கற வாசல்ல இருக்கற தசை இறுகினாலும் இப்படித்தான் தெரியும். இன்னொரு தடவை எடுங்க."

எடுத்தார். கிண்ணம் அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவை."

டெக்னீஷியன் வாய்க்குள் சிரித்தபடி எடுத்தார். அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே போனார்கள். ஒரு படத்தில் கிண்ணம் காணாமல் போய், குழாயின் நுனி மொட்டு விரிந்த மாதிரித் திறந்தது. அது தசைதான். ஆனால் தசை திறந்தபோது, அதற்குச் சற்று மேலே மிளகு அளவில் ஒரு கறுப்பு தெரிந்தது. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்தது. குறுக்கு வெட்டில் பார்த்தால், படுத்திருக்கும் உடம்பில் முதுகுப் பக்கமாக, குழாயின் அடியில் உட்கார்ந்திருந்தது. காற்றுக்குமிழியாக இருந்தால் வயிற்றுப் பக்கம் மிதந்திருக்கும். இது மூழ்கியிருக்கிறது.

"இதுதான் கல்லு," என்றார் அக்கா.

மதியம் தம்பி வந்தார். அக்கா ஒன்றும் விளக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்காரவைத்து, மவுஸைக் கையில் கொடுத்தார். தம்பி படங்களை மேலும் கீழுமாக நகர்த்தினார். வழக்கமான வேகம் இல்லை. மெலிந்த இடத்துக்கு வந்து நின்றார், தாண்டிப் போனார், திரும்பி வந்தார்.

"இது ஆர்ட்டரி."

"ஆமா."

"இது கிளிப்." மவுஸை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "நீ சொல்றது தப்பா இருந்தா?"

"இருக்கலாம். ஆனா கல்ல எடுக்க எண்டோஸ்கோபி எப்படியும் பண்ணணும். அப்ப குழாய்க்குள்ள மருந்து விட்டு மேல வரைக்கும் எக்ஸ்ரேல பாக்கட்டும். சுருங்கின இடத்துல மருந்து முட்டி நின்னுதுன்னா, அங்கேந்தே சுரண்டி சோதனைக்கு அனுப்பலாம், உன் தேதியும் இருக்கு."

"தேதிய நான் கேன்சல் பண்ணலயே."

"பண்ணாத."

எண்டோஸ்கோபி அறையில் அக்காவுக்கு வேலை எதுவும் கிடையாது. ஆனாலும் போனார். தம்பியும் வந்தார். இருவரும் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் கனமான ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். எண்டோஸ்கோபி டாக்டர் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி குழாயை வாய் வழியாக இறக்கி, குடலுக்குள் பித்தக்குழாயின் வாசலைக் கண்டுபிடித்தார். மெல்லிய கம்பி உள்ளே போனது.

"மருந்து விடறேன்."

எக்ஸ்ரே திரையில் கருமையாக ஒரு கோடு கீழேயிருந்து ஏறத் தொடங்கியது. மிளகு அளவு கல்லைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. தம்பி மூச்சை அடக்கியிருந்தார். அக்கா அதைக் கவனிக்கவில்லை, அவரும் அடக்கியிருந்தார். கோடு கிளிப்புகளை நெருங்கியது. திரையில் கிளிப்புகள் நகத்துண்டுகள் மாதிரி தெரிந்தன. இங்கேதான் நிற்க வேண்டும், நிற்பதாக இருந்தால்.

நிற்கவில்லை. கோடு அதே அகலத்தில் கிளிப்புகளைக் கடந்து, இரண்டாகப் பிரிந்து, பிறகு பலவாகப் பிரிந்து, கல்லீரலெங்கும் கிளை கிளையாக நிரம்பியது. எந்த இடத்திலும் தயங்கவில்லை.

எண்டோஸ்கோபி டாக்டர் முணுமுணுப்பை நிறுத்தினார். "மேல சுருக்கம்னாங்களே, எங்க?"

"இல்ல," என்றார் தம்பி. சின்னக் கம்பிக்கூடை ஒன்று கல்லை வாரி எடுத்துக் குடலுக்குள் போட்டதைப் பார்த்துவிட்டு அங்கியைக் கழற்றினார். தியேட்டருக்குப் போன் செய்து தேதியை ரத்து செய்தார். பிறகு யாரையும் அனுப்பாமல் தானே வார்டுக்குப் போனார்.

மயக்கம் தெளிந்து டிரைவரம்மா கண் திறந்தபோது தம்பி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, கட்டி இல்ல. சின்னக் கல்லு ஒண்ணு இருந்துச்சு, எடுத்தாச்சு. பெரிய ஆபரேஷன் வேண்டாம். நான் முதல்ல சொன்னது தப்பு."

டிரைவரம்மா அவரை உற்றுப் பார்த்தார். சந்தோஷப்படவில்லை. "நிஜமாவா? நாளைக்கு வந்து இதையும் மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"புத்துநோயுன்னு நீங்க சொன்னப்பவும் இதே மாதிரி நின்னுக்கிட்டுத்தான் சொன்னீங்க. இதே குரல்தான். அன்னிக்கு உங்க முகத்துல ஒரு சந்தேகம் கூட இல்ல." அவர் குரல் உயரவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. இத்தனை நாளும் சாப்பாடு இறங்காததை, கணவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுததை, மகளுக்குப் போன் செய்து ஒன்றும் சொல்லாமல் வைத்ததை எல்லாம் சொன்னார். தம்பி குறுக்கே பேசவில்லை. நின்று முழுவதையும் கேட்டார். கணவர் இடையில் வெளியே போய்விட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், உங்கள் முடியை வெட்டியவன் யார், காதோரம் ஒரு பக்கம் கோணலாக இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தம்பி, மீட்டிங்குக்கு முன்பே படங்களை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்கு வரத் தொடங்கினார். 'சரின்னு சொல்லு' என்று கேட்பதில்லை. 'என்ன தெரியுது' என்று கேட்டார். அந்த மாதமே இன்னொருவர் வந்தார், பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவர், அதே இடத்தில் அதே மாதிரி ஒரு வெட்டு. அக்கா அவரையும் இன்னொரு தடவை படுக்கவைத்து எடுத்தார். மெல்லிய படங்களிலும் கோடு அறுந்துதான் இருந்தது, மேலே கிளைகள் வீங்கியிருந்தன, சுவர் தடித்திருந்தது. "இது நிஜம்," என்றார் அக்கா. தம்பி இரண்டு நாளில் ஆபரேஷன் செய்தார். நீண்ட ஆபரேஷன். கணக்கு வாத்தியார் பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்னும் கண்காணிப்பில்தான் இருக்கிறார். அவருக்கு அக்கா எடுத்த இரண்டாவது படம் எந்த நல்ல செய்தியையும் கொண்டுவரவில்லை.

சில வாரங்கள் கழித்து டிரைவரம்மா ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். சீருடையில் இருந்தார். கண்ணில் மஞ்சள் போயிருந்தது. தம்பியைப் பார்த்துவிட்டு அக்காவின் அறைக்கும் வந்து, அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா காட்டினார். டிரைவரம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, கட்டி இருந்ததாகச் சொன்ன இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு மெல்லிசா இருக்கு. என் உடம்புக்குள்ளயா?" என்றார். பிறகு நிமிர்ந்து, "டாக்டர், நீங்க செஞ்சது பெரிய உதவி. ஆனா என்னை ஒரு இக்கட்டுல மாட்டி விட்டுட்டீங்க," என்றார்.

"என்ன ஆச்சு?"

"எனக்கு ஒரு நாத்தனார். நாங்க மாடி, அவ கீழ் வீடு. நாந்தான் போகப்போறேனேன்னு அவளக் கூப்பிட்டு உக்கார வச்சு, கல்யாணமான நாள்லேந்து மனசுல கிடந்ததையெல்லாம் கொட்டிட்டேன். ஒண்ணு பாக்கி விடல. மாமியார் படுக்கையில கிடந்தப்ப அவ எட்டிப் பாக்காதது, என் வேலையக் கேலி பண்ணினது, எம் பொண்ண அழ வச்சது, எல்லாம். அவளும் சாகப்போறவ பேசறான்னு தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டா. எனக்கும் மனசு லேசாச்சு. இப்பப் பாருங்க, நான் சாகல. ரெண்டு பேருக்கும் ஒரே மாடிப்படி."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவங்க என்ன சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரியிலேந்து வந்த மறுநாளே கதவத் தட்டினா. 'கட்டி இல்லையாமே'ன்னா. 'ஆமா'ன்னேன். 'அப்ப என் முறை, உக்காரு'ன்னா."

"உக்காந்தீங்களா?"

"வேற வழி? மத்தியானம் பூரா உக்காந்து கேட்டேன். பாதி பொய்." டிரைவரம்மா கொஞ்சம் யோசித்தார். "பாதி நிஜம். எனக்கே மறந்துபோனதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கு. ஒரு விஷயத்துல நான் பண்ணினது தப்புதான். அதை அவகிட்ட ஒத்துக்கிட்டேன்."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வரேன் டாக்டர். வெளிய உக்காந்திருக்கா, துணைக்குன்னு கிளம்பி வந்துட்டா. இன்னும் சொல்லி முடியலயாம்."

கதவு திறந்தபோது அக்கா எட்டிப் பார்த்தார். வராந்தாவில் ஒல்லியான ஒரு பெண் எழுந்து நின்றாள். டிரைவரம்மாவின் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். ஒல்லியான பெண் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனாள். டிரைவரம்மா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு போனார். படிக்கட்டு வரைக்கும் பேச்சு ஓயவில்லை.